வழியில் என்ன பார்த்தாய்?

(கோடை விடுமுறைக்கு முன் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, குழந்தைகளும் குடும்பப் பயணமும். ஆண்டுத் தேர்வு நெருங்கும் நேரத்தில் இதற்கு என்ன அவசரம் என்று சிலருக்குத் தோன்றலாம். இன்னும் சில நாட்களில் நம் பிள்ளைகள் விடுமுறைக்குப் போய்விடுவார்கள். ஜூன் மாதம் திரும்பி வருவார்கள். வந்த முதல் வாரத்தில் நாம் எல்லாருமே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "லீவுக்கு எங்க போன?" அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அந்தக் கேள்வியால் நான் செய்த ஒரு தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு செஞ்சிப் பக்கம் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக இருந்தேன். பாடம் சமூக அறிவியல். ஏழாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர். பள்ளி திறந்த முதல் வாரம், நம் எல்லாருக்கும் பழக்கமான அந்தக் கட்டுரையை எழுதச் சொன்னேன். 'விடுமுறையில் நான் மேற்கொண்ட பயணம்.' முப்பத்தைந்து பிள்ளைகள். பாதிப் பேர் நான்கு வரியோடு நிறுத்திவிட்டார்கள். ஒரு மாணவி மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். ஊட்டிக்குக் குடும்பத்தோடு போனது, மலை ரயிலில் ஏறியது, படகு சவாரி, மலர்க் கண்காட்சி என்று எல்லாம் இருந்தது. வகுப்பில் வாசித்துக் காட்டினேன். கைதட்டச் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கூச்சம் என்று நினைத்தேன்.

ஆகஸ்டில் தமிழ்நாட்டு வரைபடம் நடத்திக்கொண்டிருந்தேன். "நம்ம ஊர்லருந்து சென்னைக்குப் போற வழியில என்னென்ன ஊர் வரும்?" என்று கேட்டேன். திண்டிவனம், செங்கல்பட்டு என்று இரண்டு மூன்று பெயரோடு வகுப்பு நின்றுவிட்டது. அந்த மாணவி எழுந்தாள். மூச்சு விடாமல் சொன்னாள்: "தீவனூர், திண்டிவனம், அச்சரப்பாக்கம், மேல்மருவத்தூர், மதுராந்தகம், படாளம், பாலாத்துப் பாலம், செங்கல்பட்டு, சிங்கப்பெருமாள்கோயில், மறைமலைநகர், கூடுவாஞ்சேரி, வண்டலூர், தாம்பரம்." அதோடு நிற்கவில்லை. "கோயம்பேட்டுல இறங்கி வேற பஸ் மாறணும் டீச்சர், செங்குன்றம் தாண்டிப் போகணும்" என்றாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ஒவ்வொரு லீவுக்கும் ஆயாகூட போவேன் டீச்சர். அம்மா அப்பா அங்க செங்கல் சூளையில இருக்காங்க."

"அப்போ ஊட்டி?"

பதில் இல்லை. கண் கலங்கிவிட்டது. பிறகுதான் தெரிந்தது. ஊட்டி ஒரு கட்டுரைப் புத்தகத்தில் இருந்து வந்தது. அவள் அந்த விடுமுறையில் ஊரிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்திருக்கிறாள். மூன்று மாதம் பார்க்காத அம்மாவைப் பார்க்கப் போயிருக்கிறாள். ஆனால், 'பயணம்' என்று நான் கேட்டபோது, தன்னுடையது பயணம் இல்லை என்று அவளே முடிவு செய்துவிட்டாள். டீச்சர் கேட்பது ஊட்டியைத்தான் என்று நினைத்தாள். நானும் பொய்யான ஊட்டிக்குத்தான் கைதட்ட வைத்தேன்.

அன்று மாலை அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "போற வழியில உனக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டேன். "மதுராந்தகம் ஏரி டீச்சர். தம்பி எப்பவும் தூங்கிடுவான். ஏரி வர்றதுக்கு முன்னாடி எழுப்பி விடுவேன். தண்ணியைப் பாத்துட்டு மறுபடி தூங்கிடுவான்" என்றாள். அந்தப் பிள்ளை வழி முழுவதும் விழித்திருந்து, சரியான இடத்தில் தம்பியை எழுப்பி, ஏரியைக் காட்டியிருக்கிறாள். ஊட்டிக் கட்டுரையின் இரண்டு பக்கத்திலும் இல்லாத ஒன்று இந்த நான்கு வாக்கியத்தில் இருந்தது.

மறுநாள் வகுப்பில் அதையே சொல்லச் சொன்னேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள். முடித்ததும் பின் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "நானும் அந்த வழியாத்தான் போவேன் டீச்சர். எங்கப்பா கோயம்பேடு மார்க்கெட்டுல மூட்டை தூக்குறாரு" என்றான். இன்னொருத்தி, "நாங்க கரும்பு வெட்டப் போவோம்" என்றாள். ஜூனில் நான்கு வரியோடு நின்ற பிள்ளைகள் இவர்கள். அன்று மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து என் கேள்வியை மாற்றிக்கொண்டேன். "எங்க போன?" என்று கேட்பதில்லை. "வழியில என்ன பாத்த?" என்றுதான் கேட்கிறேன்.

நண்பர்களே, நம் பிள்ளைகளுக்குப் பயணம் இல்லாமல் இல்லை. மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகிறார்கள். திருவண்ணாமலையில் பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்கிறார்கள். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் போகிறார்கள். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வேன் பிடித்துப் போகிறார்கள். தாய்மாமன் வீட்டுக் காதுகுத்துக்கும், பெரிய ஆஸ்பத்திரிக்கும், துக்கத்துக்கும் போகிறார்கள். இவற்றில் எதுவும் சுற்றுலா இல்லை. ஆனாலும் எல்லாம் குடும்பத்தோடு போகிற பயணம்தான். இந்தப் பயணங்களைப் பிள்ளைகள் விரும்பிச் செய்கிறார்களா என்பதுதான் கேள்வி.

விரும்புவதில்லை என்றுதான் பலர் சொன்னார்கள். அதிலும் ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். பெயர் எழுத வேண்டாம், காரணத்தை மட்டும் துண்டுத்தாளில் எழுதிப் போடுங்கள் என்றேன். வந்த பதில்களைச் சொல்கிறேன்.

"பஸ்ல வாந்தி வரும், எல்லாரும் திட்டுவாங்க." இதுதான் அதிகம். "ஜன்னல் சீட்டு எப்பவும் அப்பாவுக்கு." "எங்க போறோம்னு சொல்லவே மாட்டாங்க, கிளம்புன்னு மட்டும் சொல்வாங்க." "சொந்தக்காரங்க எல்லாரும் எத்தனை மார்க்குன்னு கேப்பாங்க." "அரை டிக்கெட்டுக்காக வயசைக் குறைச்சுச் சொல்லச் சொல்வாங்க, கண்டக்டர் என்னையே பாப்பாரு." படித்துவிட்டுச் சிரித்தேன். அடுத்த தாளில் சிரிப்பு நின்றுவிட்டது. அது ஒரு பெண் பிள்ளையுடையது என்று படித்ததும் தெரிந்தது. "வழியில பாத்ரூம் இருக்காது. அதனால காலையிலிருந்து தண்ணி குடிக்க மாட்டேன். தலை வலிக்கும்."

இந்தத் தாள்களில் பணம் இல்லை என்று யாரும் எழுதவில்லை. ஊட்டிக்குப் போகவில்லை என்றும் எழுதவில்லை. எழுதியதெல்லாம் நாமும் பெற்றோரும் சேர்ந்தால் பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் வாந்தி. இது பிள்ளையின் குற்றம் இல்லை என்று முதலில் வகுப்பில் சொல்லிவிட வேண்டும். நம் காதின் உட்பகுதியில் உடலின் அசைவையும் சமநிலையையும் உணரும் உறுப்பு இருக்கிறது. பேருந்து வளைந்து குலுங்கிப் போகும்போது, உடம்பு அசைகிறது என்று அது மூளைக்குச் சொல்கிறது. கண்கள் போனையோ புத்தகத்தையோ முன் சீட்டின் முதுகையோ பார்த்துக்கொண்டிருந்தால், எதுவும் அசையவில்லை என்று அவை சொல்கின்றன. இரண்டு செய்தியும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல் வருகிறது. சிறு பிள்ளைகளுக்கு, பெரியவர்களைவிட இது அதிகம். வளர வளரப் பெரும்பாலானவர்களுக்குக் குறைந்துவிடும். முன்பக்கமாக உட்காரவைத்து, ஜன்னல் வழியே தொலைவில் தெரியும் மலையையோ மரத்தையோ பார்க்கச் சொன்னாலே பலருக்கு அடங்கும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறக் கூடாது. நம் வீடுகளில் கொடுக்கும் எலுமிச்சம்பழம், இஞ்சி மரப்பா இவையும் சிலருக்கு உதவுகின்றன. இதை அறிவியல் பாடமாகச் சொன்னபோது, ஒரு பையன் வீட்டுக்குப் போய் அப்பாவிடம், "ஜன்னல் சீட்டு எனக்கு மருந்துப்பா" என்று கேட்டு வாங்கிவிட்டான்.

கழிப்பறை விஷயத்தை நாம் கூச்சப்படாமல் பேச வேண்டும். பெண் பிள்ளைகளைத் தனியே வைத்துப் பெண் ஆசிரியர்கள் பேசலாம். கிளம்பும் முன் போய்விட்டு வருவது, பெரிய பேருந்து நிலையங்களில் வண்டி நிற்கும் நேரத்தை முன்பே கேட்டு வைத்துக்கொள்வது, மாதவிடாய் நாளாக இருந்தால் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி மாற்று நாப்கினும் பழைய செய்தித்தாளும் பையில் எடுத்துக்கொள்வது, தண்ணீரை நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது. இவ்வளவுதான். பெற்றோர் கூட்டத்திலும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். "வண்டி நிக்கும்போது டீ குடிக்கிறதுக்கு முன்னாடி பொண்ணைக் கழிப்பறைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொன்னபோது பல அப்பாக்கள் இதுவரை யோசித்ததே இல்லை என்றார்கள்.

மற்ற புகார்களுக்கெல்லாம் அடியில் ஒரே காரணம்தான் இருப்பதாக எனக்குப் படுகிறது. நாம் பிள்ளைகளைப் பயணத்தில் ஒரு மூட்டையைப் போலக் கொண்டுபோகிறோம். ஏற்றுகிறோம், இறக்குகிறோம், தொலையாமல் பார்த்துக்கொள்கிறோம். அவர்களுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. வேலை இல்லாதவர்களுக்கு வழி நீளமாகத்தான் தெரியும். "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள், அல்லது போனைக் கேட்பார்கள். அந்த மாணவிக்குத் தம்பியை எழுப்புகிற வேலை இருந்தது. அதனால் அவள் தூங்கவில்லை.

எனவே விடுமுறைக்கு முந்தைய வாரத்தில் என் வகுப்பில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். அடுத்து வீட்டோடு எங்கே போனாலும், அந்தப் பயணத்தில் உன் வேலை என்ன என்று ஒவ்வொருவரும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்றே ஒன்று. டிக்கெட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்பவர், தண்ணீர்ப் பொறுப்பாளர், பைகளை எண்ணுபவர், நேரம் பார்ப்பவர், செலவைக் கணக்கு வைப்பவர், தாத்தா பாட்டிக்குக் கைகொடுத்து ஏற்றி இறக்குபவர், வழி பார்ப்பவர். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் பை எண்ணத் தெரியும். மூன்று பை ஏறியது, மூன்று பை இறங்கியதா? அதைச் சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு 'வழி பார்ப்பவர்' வேலைதான் அதிகம் பிடிக்கிறது. அதற்குச் சில சாவிகளை நாம் கொடுத்தனுப்பலாம்.

சாலையோரக் கிலோமீட்டர் கல்லின் தலையில் மஞ்சள் நிறம் இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை இருந்தால் மாநில நெடுஞ்சாலை. வேறு நிறம் கண்ணில் பட்டால் அது என்ன சாலை என்று அவர்களே விசாரித்து வரட்டும். தேசிய நெடுஞ்சாலை எண்ணிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதன்மைச் சாலைகளில் இரட்டைப்படை எண்கள் வடக்கு தெற்காகப் போகும். கிழக்கிலிருந்து மேற்கே செல்லச் செல்ல எண் கூடும். நம் மாநிலத்திலேயே பாருங்கள். சென்னையிலிருந்து புதுச்சேரி, நாகப்பட்டினம் வழியாகப் போவது 32. வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், திருச்சி வழியாகத் தூத்துக்குடி போவது 38. அதற்கும் மேற்கே, கிருஷ்ணகிரி, சேலம் வழியாகக் கன்னியாகுமரி போவது 44. அந்த 44 தொடங்குவது ஸ்ரீநகரில். ஒற்றைப்படை எண்கள் கிழக்கு மேற்காகப் போகும். நம் செஞ்சி வழியாகத் திண்டிவனம் போகும் சாலை 77. மூன்று இலக்க எண் வந்தால் அது கிளைச் சாலை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் 132, 32-இன் கிளை. இதை ஒருமுறை தெரிந்துகொண்ட பிள்ளை எந்தப் பலகையையும் படிக்காமல் விடாது.

எட்டாம் வகுப்புக்கு ஒரு கணக்கு. ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கிலோமீட்டர் கல் வரை எத்தனை வினாடி என்று எண்ண வேண்டும். 3,600-ஐ அந்த எண்ணால் வகுத்தால் வண்டியின் வேகம் கிடைக்கும். 60 வினாடி என்றால் மணிக்கு 60 கிலோமீட்டர், 72 வினாடி என்றால் 50, 90 வினாடி என்றால் 40. வேகக் கணக்கு வராமல் தவித்த ஒரு பையன், இதை மட்டும் வைத்துக்கொண்டு டிரைவர் பின்னாலேயே உட்கார்ந்து வந்திருக்கிறான்.

ரயிலில் போகும் பிள்ளைகளுக்கு நிலையத்தின் மஞ்சள் பெயர்ப்பலகை போதும். கடல் மட்டத்திலிருந்து அந்த இடம் எத்தனை மீட்டர் உயரம் என்று அதன் அடியில் எழுதியிருப்பதைக் காணலாம். நிலையம் நிலையமாக அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தால் நிலம் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பது புரிந்துவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் வாய்ப்பு யாருக்காவது கிடைத்தால், ஏறத்தாழ 330 மீட்டரிலிருந்து 2,200 மீட்டர் வரை அந்த எண் ஏறுவதைப் பார்க்கலாம். தண்டவாளத்தின் நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை எதற்கு என்று அப்போது கேட்காமலே புரியும்.

பக்கத்திலேயே இருப்பதையும் மறக்க வேண்டாம். செஞ்சிச் சாலையின் இருபுறமும் பாறைகளை அடுக்கி வைத்தது போல மலைகள் நிற்கின்றனவே, அவற்றை யார் அடுக்கியது என்று ஒரு நான்காம் வகுப்புப் பிள்ளை கேட்டது. யாரும் அடுக்கவில்லை, ஒரே பெரும் பாறை, வெயிலும் மழையும் விரிசல்களில் புகுந்து பல காலமாகத் தேய்த்ததில் இப்படி உருண்டைக் கற்களாக நிற்கிறது என்று சொன்னேன். அந்தப் பிள்ளை தினமும் பார்க்கும் மலை அது. செஞ்சிக் கோட்டை 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில், மராத்தியரின் கோட்டைகளோடு சேர்ந்து இடம்பெற்றது. திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. மாமா வீட்டுக்குப் போகும் பேருந்து இவற்றின் வழியாகத்தான் போகிறது.

இங்கே என்னுடைய இரண்டாவது தவற்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஆர்வத்தில் ஒரு வருடம் பத்துக் கேள்வி கொண்ட படிவம் அச்சடித்துக் கொடுத்துவிட்டேன். ஊர்ப் பெயர், தூரம், நேரம், கட்டணம், பார்த்த மரங்கள், பறவைகள் என்று. ஜூனில் எல்லாம் நிரப்பி வந்தது. பாதி அண்ணன் அக்காக்கள் எழுதியது. ஒரு பையன் மட்டும் நேராகச் சொன்னான்: "டீச்சர், அடுத்த வாட்டி எழுத வேணாம்னு சொல்லுங்க. நான் சும்மா பாத்துட்டு வந்து உங்ககிட்ட சொல்றேன்." அவன் சொன்னதுதான் சரி. விடுமுறையை வீட்டுப்பாடம் ஆக்கினால், பயணத்தையும் பிள்ளைகள் வெறுத்துவிடுவார்கள். அதனால்தான் இப்போது ஒரே ஒரு வேலை, அதுவும் அவர்களே தேர்ந்தெடுப்பது, எழுத்து வேலை கிடையாது. திரும்பி வந்ததும் வட்டமாக உட்கார்ந்து பேசுகிறோம். எழுத விரும்புபவர்கள் எழுதலாம். மதிப்பெண் கிடையாது. பையில் ஒட்டிக்கொண்டு வந்த பேருந்து டிக்கெட்டுகளை மட்டும் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு வைக்கிறோம். கணக்குப் பாடத்துக்கு வருடம் முழுவதும் அவை உதவுகின்றன.

பெற்றோரிடம் பேச நமக்கு இருக்கும் இடம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டமும் பெற்றோர் கூட்டமும். நான் அங்கே நான்கு விஷயம் மட்டும் சொல்கிறேன். கிளம்பும் முன் எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். துக்க வீடாக இருந்தாலும் சொல்லுங்கள். பாதி வழியாவது ஜன்னலைக் கொடுங்கள். வயதைக் குறைக்கச் சொல்லாதீர்கள். அரசுப் பேருந்தில் 5 வயது வரை கட்டணம் இல்லை, 12 வயது வரை அரைக் கட்டணம்தான். மிச்சமாகும் சில ரூபாய்க்காகப் பிள்ளையை ஒரு பொய்க்குப் பழக்க வேண்டாம். நான்காவது, சொந்தக்காரர்கள் மதிப்பெண் கேட்டால், "அதை விடுங்க, இவன்தான் எங்களை வழி சொல்லிக் கூட்டிட்டு வந்தான்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அடுத்த முறை பிள்ளை முதலில் கிளம்பி நிற்கும்.

போனைப் பற்றி அவர்கள் கேட்பார்கள். பிடுங்கினால் சண்டைதான் வரும். நான் சொல்வது, போனில் வரைபடத்தைத் திறந்து கொடுங்கள். அந்த நீலப் புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டு, அடுத்து ஆறு வருகிறதா, ரயில் பாதை வருகிறதா என்று பிள்ளை சொல்லட்டும். சொன்னது சரிதானா என்று வெளியே பார்த்துத்தான் தீர வேண்டும். குமட்டல் வரும் பிள்ளைக்கு மட்டும் இது வேண்டாம்.

பாதுகாப்புக்கும் ஒரு பாட வேளை ஒதுக்குங்கள். இப்போது எல்லாம் போனிலேயே பதிந்திருப்பதால், வீட்டு எண்ணை மனப்பாடமாகச் சொல்லத் தெரியாத பிள்ளைகள் பலர். விடுமுறைக்கு முன் ஒவ்வொருவரும் அம்மா அல்லது அப்பாவின் எண்ணைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குச் சட்டைப் பையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். திருவிழாக் கூட்டத்தில் கை விட்டுப் போனால் எந்த இடத்தில் வந்து நிற்பது என்று போனவுடன் பேசிக்கொள்ள வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, ரயிலில் உதவிக்கு 139. எங்கே போனாலும் பயம் இல்லாமல் ரசிக்க இந்தச் சிறிய தயாரிப்பு தேவை.

கடைசியாக, எங்கேயும் போகாத பிள்ளைகள். ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். ஆடு மாடு பார்க்க ஆள் இல்லாததால், வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருப்பதால், போக யாரும் இல்லாததால். அவர்கள் முன்னால் மற்றவர்களை மட்டும் பேசவைத்தால், நான் அன்று ஊட்டிக்குக் கைதட்ட வைத்த தவற்றையே திரும்பச் செய்கிறோம். அவர்களுக்கும் வேலை இருக்கிறது. வீட்டுக்கு விருந்தாளி வந்தார்களா? எந்த வழியாக வந்தார்கள்? ஆயாவுக்குச் சின்ன வயதில் மாட்டுவண்டிப் பயணம் நினைவிருக்கிறதா? வாராவாரம் சந்தைக்கு வரும் வியாபாரி எந்த ஊர்? கேட்டு வந்து சொல்லட்டும். ஒரு வருடம் எங்கள் வட்டத்தில் அதிக நேரம் பேசியது, ஊரை விட்டுப் போகாத ஒரு பையன். அவன் தாத்தா திருமணத்துக்குப் பெண் பார்க்கச் செஞ்சியிலிருந்து திருவண்ணாமலைக்குச் சைக்கிளில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் போன கதையைச் சொன்னான். வழியில் எங்கே சங்கிலி கழன்றது என்பது வரை தெரிந்து வைத்திருந்தான்.

நண்பர்களே, நம்மால் எந்தப் பிள்ளையையும் ஊட்டிக்கு அழைத்துப்போக முடியாது. சூளைக்குப் போகும் பிள்ளை அங்கே போகாமல் இருக்க வழி செய்வது வேறு ஒரு பெரிய வேலை. அதை நாம் மறக்கவும் கூடாது. விடுமுறை முடிந்து ஒரு பெயர் வருகைப் பதிவேட்டில் வராமல் போனால், தேடிப் போய் விசாரிப்பது நம் கடமை. ஆனால், போய்த் திரும்பி வந்த பிள்ளைக்கு, நீ போனதும் பயணம்தான், நீ பார்த்ததும் பார்த்ததுதான் என்று சொல்ல நமக்குச் செலவு எதுவும் இல்லை. தன் வழியைப் பற்றிப் பேச வெட்கப்படாத பிள்ளை, அடுத்த முறை அந்த வழியை இன்னும் கவனித்துப் பார்க்கும். அம்மா அப்பாவோடு, ஆயாவோடு போகும் அந்த நேரத்தை விரும்பவும் செய்யும்.

இப்போதெல்லாம் எங்கள் பக்கத்துப் பேருந்துகள் கோயம்பேடு வரை போவதில்லை, கிளாம்பாக்கத்திலேயே நின்றுவிடுகின்றன. மதுராந்தகம் ஏரி அதே இடத்தில்தான் இருக்கிறது. அந்த வழியாக நான் போகும்போதெல்லாம், ஏரி வருவதற்கு முன் என்னை அறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறேன். அது அந்த மாணவி எனக்குக் கற்றுக்கொடுத்தது.

ஜூனில் பள்ளி திறக்கும் நாளில் நீங்களும் உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "வழியில என்ன பாத்த?" கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்திருங்கள். முதலில் யாரும் பேச மாட்டார்கள். பிறகு யாராவது ஒருவர் பேசத் தொடங்குவார். அதற்குப் பிறகு பாட வேளை போதாது.